பச்சைத் திரையின் முன் கைக்கேமரா

ஒரு நிறத் திரையின் முன் நடிகரைப் படம்பிடித்து, பின்னர் அந்நிறத்தை நீக்கி, அவ்விடத்தில் வேறொரு காட்சியைப் பொருத்தும் கலையின் வரலாறு பெரும்பாலும் வேதியியலின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எனினும், அத்திரையின் முன் கேமராவைக் கையிலேந்தி நடமாடும் உரிமையை ஒளிப்பதிவாளருக்குப் பெற்றுத் தந்தது வடிவக் கணிதமே ஆகும். கேமரா சற்று நகர்ந்தாலும் அருகிலுள்ள பொருள் மிகுதியாகவும் தொலைவிலுள்ளது குறைவாகவும் இடம்பெயர்வதாகத் தோன்றும். இடமாறு தோற்றம் எனப்படும் இவ்வியல்புக்கு இசையப் பின்னணியும் அசையாவிடில், பார்ப்பவரின் கண் ஒட்டுவேலையை உடனே இனங்கண்டுவிடும்.

இதனாலேயே 1898இல் கரும்பின்னணியின் முன், ஒரே படச்சுருளில் பன்முறை ஒளியேற்றித் தம் தலையைப் பலவாகக் காட்டிய ஜார்ஜ் மெலியே, கேமராவை அசையாது நிறுத்தினார். நடிகரோடு சேர்ந்து நகரும் மறைப்புப் படலத்துக்கு ஃபிராங்க் வில்லியம்ஸ் 1918இல் காப்புரிமை பெற்றதும், 1940இல் வெளிவந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தில் லாரி பட்லர் வண்ணப்படத்துக்கு நீலத்திரையைப் பயன்படுத்தியதும், 'பென்-ஹர்' (1959) படத்துக்காகப் பெட்ரோ விளாஹோஸ் வகுத்த வண்ண வேறுபாட்டு முறை முடியிழைகளின் விளிம்பையும் காத்ததும் பெரும் முன்னேற்றங்களே. ஆயினும் அவை உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் வழியைச் செம்மைப்படுத்தினவேயன்றிக் கேமராவின் கட்டைத் தளர்த்தவில்லை.

'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்துக்காக ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு அமைத்த கருவி, ஒரே அசைவை மின்னணுக் கட்டுப்பாட்டால் பிசகின்றித் திரும்பச் செய்தது. ஆனால் மனிதக் கையின் நடுக்கத்தை அவ்வாறு மீட்டுச் செய்ய இயலாது. ஆகவே அசைவைத் திரும்பச் செய்வதை விடுத்து, பதிவான படத்திலிருந்தே அதைக் கணக்கிட்டு அறியும் 'அசைவுப் பொருத்தம்' என்னும் முறை 1990களில் வளர்ந்தது. திரையிலோ தரையிலோ இடப்பட்ட குறிகள் ஒவ்வொரு சட்டத்திலும் எங்கு விழுகின்றன என்பதைக் கொண்டு, கேமரா நின்ற இடமும் நோக்கிய திசையும் கணிக்கப்பட்டு, கணினியிலுள்ள கேமராவும் அவ்வழியே நகர்த்தப்படுகிறது. 'ஜுராசிக் பார்க்' (1993) படப்பிடிப்பில் டென்னிஸ் பந்துகளே இத்தகைய குறிகளாயின. முழுப்படமும் கைக்கேமராப் பதிவுபோல் அமைந்த 'குளோவர்ஃபீல்ட்' (2008) இக்கணிப்பின் வலிமைக்குச் சான்றாகும்.

கை அசைவால் விளிம்பு மங்கினால் பச்சையைப் பிரிப்பது கடினம் என்பதால், ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதும் குறிகள் சட்டத்தை விட்டு மறையாமல் காப்பதும் இன்றும் தேவைப்படுகின்றன. கணிதம் தந்த உரிமையை நிலைநிறுத்துவது, படப்பிடிப்புத் தளத்தில் கடைப்பிடிக்கப்படும் இவ்வொழுங்கே.