உதவிநிதியும் கல்வி முன்னேற்றமும்: அமெரிக்கச் சட்டம் வளர்ந்த வரலாறு

ஏழை மாணாக்கனுக்குப் பொருள் தந்து படிக்க வைத்தல் எந்நாட்டாரும் போற்றும் அறமாகும். தனியொருவர் தம் கைப்பொருளை வழங்குங்கால் தாம் விரும்பிய வண்ணம் வழங்கலாம். பொதுமக்களின் வரிப்பணத்தை வழங்குங்காலோ இரண்டு வினாக்கள் எழுகின்றன. மாணாக்கன் எவ்வளவு முன்னேறினால் அவ்வுதவியைத் தொடர்ந்து பெறலாம்? அவன் முன்னேறினானா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்? இவ்விரண்டிற்கும் அமெரிக்க ஐக்கிய நாடு விடை தேடிய வரலாறு ஆசிரியர்கள் அறிந்து கொள்ளத்தக்கதாகும்.

அந்நாட்டில் கல்லூரி உதவிநிதியின் தொடக்கம் மிகப் பழைமையானது. 1643ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரைச் சேர்ந்த கைம்பெண்ணான மௌல்சன் சீமாட்டி ஆன் ராட்கிளிஃப் ஹார்வர்டு கல்லூரிக்கு 100 பவுன் அளித்தார். அதன் வருவாய் ஏழை மாணாக்கன் ஒருவனின் பராமரிப்புக்கு உதவ வேண்டும் என்பதும், அவன் முதுகலைப் பட்டம் பெற்றதும் உதவி நின்றுவிட வேண்டும் என்பதும் அவர் விருப்பம். உதவிக்கு ஒரு முடிவெல்லை உண்டு என்னும் கருத்து அன்றே தோன்றிவிட்டது.

மத்திய அரசாங்கம் பெரும் பொருளுடன் இத்துறையில் இறங்கியது இரண்டாம் உலகப் போரின் இறுதியிலாகும். 1944ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டம், போரிலிருந்து மீண்டவர்க்கு ஆண்டொன்றுக்கு 500 டாலர் வரை கல்விச் செலவை ஏற்றது. தனி ஆளாயின் மாதம் 50 டாலரும், குடும்பம் உடையவராயின் 75 டாலரும் வாழ்க்கைச் செலவுக்குத் தந்தது. முதலில் ஓராண்டு படிக்கலாம். அதனைச் செவ்வனே முடித்தவர், படையிற் பணியாற்றிய காலத்திற்கு ஏற்ப, நான்கு ஆண்டுகளுக்கு மேற்படாமல் தொடரலாம். செவ்வனே முடித்தாரா என்பதை எவ்வாறு அறிவது? அந்தந்தக் கல்லூரி வழக்கமாகக் கைக்கொள்ளும் அளவுகோலே போதும் என்றது சட்டம். அஃதாவது, அரசின் பணத்தில் படிப்பவரையும் தம் பணத்தில் படிப்பவரையும் ஒரே கோலால் அளந்தனர்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் கானன்ட், சிக்காகோ பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் ஆகியோர் இத்திட்டத்தால் கல்வித்தரம் தாழுமென அஞ்சினர். அவ்வச்சம் பொய்த்தது. ஏறத்தாழ 22 இலட்சம் வீரர்கள் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயின்றனர். ஊக்கத்தோடு பயின்று நற்பெயரும் பெற்றனர்.

1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக் துணைக்கோளை விண்ணில் செலுத்தியது. அதனால் விழிப்புற்ற அமெரிக்கா, மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றி, மாணாக்கர்க்குக் குறைந்த வட்டியில் கடன் வழங்கத் தொடங்கியது. கடன் வாங்குபவர் தம் படிப்பில் நன்னிலையில் நிற்கக் கூடியவரா என்பதைக் கல்லூரியே தீர்மானித்தது. பின்னர் பொதுப் பள்ளி ஆசிரியராகப் பணியேற்றவர்க்குக் கடனில் பாதி வரை தள்ளுபடி செய்யப்பட்டது என்பது ஆசிரியர் உலகம் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி.

1965ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் உயர்கல்விச் சட்டம் பிறந்தது. அதில் ஒப்பமிட்ட ஜனாதிபதி ஜான்சன், தாம் பயின்ற டெக்சாஸ் மாநிலக் கல்லூரிக்கே சென்று அதனைச் செய்தார். மாணவப் பருவத்தில் பணமின்றிப் படிப்பை இடையில் நிறுத்தி, கொட்டுல்லா என்னும் சிற்றூரில் மெக்சிக்க வமிசாவளி ஏழைச் சிறுவர்க்கு ஆசிரியராக இருந்தவர் அவர். இச்சட்டத்தாலும், 1972இல் ஏற்பட்ட அடிப்படை உதவித்தொகைத் திட்டத்தாலும், வறிய குடும்பத்துப் பிள்ளைகள் பெருந்தொகையினராய்க் கல்லூரி வாயிலை அடைந்தனர். அவ்வுதவித்தொகை 1980 முதல் செனட்டர் பெல்லின் பெயரால் வழங்குகிறது.

பணம் பெருகவே கணக்குக் கேட்பதும் பெருகிற்று. மாணாக்கர் உதவி பெற வேண்டுமாயின் போதிய கல்வி முன்னேற்றம் காட்டியாக வேண்டும் என 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்தது. எனினும் எது போதிய முன்னேற்றம் என்பதைக் கல்லூரியின் பொறுப்பிலேயே விட்டது. அரசாங்கத்தின் தணிக்கை அலுவலகம் 1981இல் இதனை ஆராய்ந்து, உதவி பெறுவோர் பலர் போதிய முன்னேற்றம் அடையவில்லை என்றும், விதிகள் கடுமையாக வேண்டும் என்றும் அறிக்கை விடுத்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் அளவுகோலைத் தானே வகுத்தது. இரண்டாம் ஆண்டின் இறுதியில் மாணாக்கன் சராசரி ‘சி’ தரமோ, பட்டம் பெறுவதற்குரிய நிலையோ அடைந்திருத்தல் வேண்டும் என்றது. அதே சட்டம் ஒரு வாயிலையும் திறந்து வைத்தது. உறவினர் மரணம், மாணாக்கனுக்கு நேர்ந்த காயம் அல்லது நோய், பிற தனித்த இடர்கள் ஆகியவற்றால் பின்தங்கியவர்க்கு விலக்களிக்கலாம் என்பதே அது.

பின்வந்த விதிகள் காலத்தையும் கணக்கிட்டன. பட்டத்திற்குரிய பாட அலகுகளைப் போல் ஒன்றரை மடங்குக்குள் படிப்பு முடிய வேண்டும். பட்டத்திற்கு 120 அலகுகள் எனின், 180 அலகுகளுக்குப் பதிந்துகொள்வதற்குள் அதனைப் பெற்றாக வேண்டும். ஆகவே, பதிந்த பாடங்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 67 விழுக்காடு, தேறியாக வேண்டும். இடையில் கைவிட்ட பாடமும் பொதுவாகப் பதிந்த கணக்கிலேயே சேரும்.

இக்கணக்கின் கடுமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். முதற் பருவத்தில் 12 அலகுகளுக்குப் பதிந்த ஒருவன், வீட்டு வறுமையால் இரவெல்லாம் வேலை செய்து, 3 அலகுகளில் மட்டும் தேறுகிறான் எனக் கொள்வோம். அவன் தேர்ச்சி 25 விழுக்காடு. அடுத்த பருவத்தில் 12 அலகுகளிலும் தேறிவிடுகிறான். ஆயினும் மொத்தம் 24க்கு 15, அஃது 62.5 விழுக்காடே. முழு வெற்றி பெற்ற பருவத்தின் முடிவிலும் அவன் எல்லைக்கோட்டிற்குக் கீழேயே நிற்கிறான். மூன்றாம் பருவமும் முழுதும் தேறினால் 36க்கு 27 ஆகி, 75 விழுக்காட்டை எட்டுவான். ஆனால் அம்மூன்றாம் பருவத்திற்குக் கட்டணம் செலுத்துவது எப்படி?

இவ்விடரைத் தணிக்க 2011ஆம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிகள் இரு படிகளை வகுத்தன. பருவந்தோறும் முன்னேற்றத்தைச் சோதிக்கும் கல்லூரி, தவறியவனை முதலில் எச்சரித்து, மேலும் ஒரு பருவம் உதவி வழங்கலாம். அதன் பின்னும் தவறினால் அவன் முறையிடலாம். தான் ஏன் தவறினான், இப்போது நிலைமை எவ்வாறு மாறியுள்ளது என அவன் விளக்க வேண்டும். கல்லூரி அதனை ஏற்றால் தகுதிகாண் காலம் அளித்து, தேவைப்படின் தனிப் படிப்புத் திட்டம் வகுத்து, உதவியைத் தொடரும். மேற்காட்டிய மாணாக்கனைக் கரைசேர்க்கக் கூடியது இதுவே.

பொதுப்பணத்திற்குக் கணக்கு வேண்டும் என்போர் கூற்றில் நியாயம் உண்டு. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. உதவி பெறுவோர்க்குரிய அளவுகோல் மற்றவர்க்குரியதைவிடத் தளர்ந்ததாக இருத்தல் கூடாது என்பது இன்றைய விதி. அதைவிடக் கடுமையாக இருக்கத் தடையில்லை. ஒரே மதிப்பெண் பெற்ற இருவருள் செல்வன் தன் பணத்தில் தொடர்ந்து படிப்பான். வறியவன் வீடு திரும்புவான். 1944ஆம் ஆண்டுச் சட்டம் காத்த சமநிலை இங்கே குறைகிறது.

அக்குறையை நிரப்ப எஞ்சியிருப்பது முறையீடு ஒன்றே. அதற்கு இடமளிக்கலாம் என்றுதான் விதி கூறுகிறது. அளித்தே ஆக வேண்டும் எனக் கல்லூரியைக் கட்டாயப்படுத்தவில்லை. முறையீட்டு வாயிலைத் திறந்து வைத்து, அப்படி ஒன்று உண்டென்பதை முதற் பருவத்திலேயே மாணாக்கர்க்கு எடுத்துரைக்கும் கல்லூரியே, இச்சட்டங்களின் நோக்கத்தை நிறைவேற்றுவதாகும்.