தரையடி மின்வடமும் மலாயா இரப்பரும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வட அமெரிக்க மரவீடுகள் பலவற்றில், தரைப்பலகைகளைத் தாங்கும் விட்டங்களுக்கும் மண்ணுக்கும் இடையே ஒருவர் தவழ்ந்து மட்டுமே செல்லத்தக்க தாழ்ந்த வெளி ஒன்று விடப்படுகிறது. நீர்க்குழாய்களும் மின்வடங்களும் அவ்வழியே செல்கின்றன. ஈரமும் எலித்தொல்லையும் மிக்க அவ்விடத்தில் எத்தகைய மின்வடத்தை எவ்வாறு கொண்டு செல்வது என்பது மின்வினைஞருக்கு மட்டுமே உரிய சிக்கலாகக் கருதப்பட்டு வருகிறது. அம்மின்வடத்தின் காப்புறை வரலாறு மலாயாத் தோட்டங்களின் வரலாற்றோடு பிணைந்தது என்பதை இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட முற்படுகிறோம்.

பீங்கானும் இரப்பரும்

1880களில் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அமெரிக்க வீடுகளில் பீங்கான் குமிழ் முறை நிலவியது. இரு கம்பிகளும் இடைவெளி விட்டுத் தனித்தனியே, விட்டங்களில் அறையப்பட்ட பீங்கான் குமிழ்களின்மீது இழுக்கப்பட்டன. விட்டத்தைத் துளைக்க நேர்ந்த இடங்களில் பீங்கான் குழல்களுக்குள் சென்றன. கம்பியின்மேல் இரப்பர் உறையும் அதன்மேல் பருத்தி நூற்பின்னலும் இருந்தன. இரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கப்பட்ட கந்தகம் செம்பை அரிக்கும். ஆதலால் செம்புக்கு ஈயம் பூசினர். இன்றும் பழைய வீடுகளின் அடியில் இவ்வெண்ணிறக் கம்பியைக் காண்போர் அதனை அலுமினியம் என மயங்குவதுண்டு.

மின்தீயால் நேர்ந்த இழப்புகள் காப்புறுதி நிறுவனங்களை விதிகள் வகுக்கத் தூண்டின. 1897இல் அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு முதன்முறையாக உருப்பெற்றது. 1920களில், இரு கம்பிகளையும் ஒரே மேலுறைக்குள் அடக்கிய மலிவான மின்வடம் பரவத் தொடங்கியது. அதன் உட்காப்பும் இரப்பரே.

தோட்டங்களின் பங்கு

பிரேசிலிலிருந்து கியூ தோட்டம் வழியாக 1877இல் இரப்பர் நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் மலாயா உலக இரப்பர் உற்பத்தியில் முதன்மை பெற்றது. ஐரோப்பியர் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களுள் பெரும்பான்மையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள். இரப்பரின் பெரும்பகுதி வண்டிச் சக்கரங்களுக்கே சென்றது. சிறு பகுதியே மின்கம்பிகளை அடைந்தது. இன்ன தோட்டத்துப் பால் இன்ன வீட்டுக் கம்பியில் உள்ளது என நிறுவுதல் இயலாது. எனினும், தொலைவிலுள்ள ஒரு வீட்டின் பாதுகாப்பில் தோட்டத் தொழிலாளரின் உழைப்புக்கும் பங்கிருந்தது என்பதை மறுத்தற்கில்லை.

1942: ஒரு திருப்பம்

1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் சப்பானியர் வசமாயின. அமெரிக்காவிற்கான இரப்பர் வரவு பெரிதும் அறுபட்டது. 1926இல் வால்டோ செமன் நெகிழ்வுடையதாக்கிய பி.வி.சி. முதலான செயற்கைப் பொருள்கள் கம்பியுறைகளில் இடம்பெற்றன. போருக்குப் பின் வீட்டு மின்வடங்களிலும் அவை இரப்பரைப் படிப்படியாக அகற்றின. அதே ஆக்கிரமிப்பால் தோட்டங்கள் முடங்கின. பிழைப்பிழந்த தமிழர்கள் பல்லாயிரவர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் திரும்பாதோர் பலர். தொழில்நுட்ப வரலாறு பொருள்மாற்றத்தை மட்டும் குறித்து அமைகிறது.

இன்றைய நெறிமுறை

அமெரிக்க விதிகளின்படி, பொதுவாக 15 ஆம்பியர் சுற்றுக்கு 14ஆம் எண் செம்புக் கம்பியும் 20 ஆம்பியருக்கு 12ஆம் எண் கம்பியும் குறைந்த அளவாகும். உலர்ந்த வெளிக்கே சாதாரண வீட்டு மின்வடம் ஏற்றது. ஈரமான வெளிக்கு, மண்ணில் புதைக்கத்தக்க ஈரந்தாங்கும் வகை வேண்டும். சிறிய மின்வடங்களை விட்டங்களின் அடிவிளிம்பில் குறுக்காக அப்படியே அறைதல் கூடாது. துளை வழியாகவோ தாங்கு பலகையின்மீதோ கொண்டு செல்லவேண்டும். துளைக்கும் விட்டத்தின் விளிம்புக்கும் இடையே 32 மில்லிமீட்டர் இல்லையேல், ஆணி பாயாதவாறு 1.6 மில்லிமீட்டர் எஃகுத் தகடு பொருத்தப்படவேண்டும். மின்னோட்டத்தை நிறுத்திச் சோதித்த பின்னரே பணி தொடங்கவேண்டும். பழைய இரப்பர் உறை வெப்பத்தாலும் காற்றாலும் முதிர்ந்து, தொட்டாலே உதிரும். அதனைத் தகுதிபெற்ற மின்வினைஞரைக்கொண்டு மாற்றுதலே தக்கது.

முடிவுரை

தோட்டத் தமிழர் வரலாற்றைக் குடியேற்றம், கூலி, தொழிற்சங்கம் ஆகியவற்றின் வழியே நாம் பெரிதும் ஆராய்ந்துள்ளோம். அவர்கள் சேர்த்த பால் எப்பொருளாகி எவர் வீட்டை அடைந்தது என்பதும் ஆராயத்தக்கதே. பழைய கம்பிகள் அகற்றப்பட்டுவரும் இக்காலத்தில், அதற்கான பொருட்சான்றுகளும் அவற்றோடு மறைந்து வருகின்றன.