அருவருப்பு

அருவருப்பு என்பது ஒன்றைக் காணவோ, முகரவோ, தொடவோ, உண்ணவோ மனம் ஒவ்வாமல், அதனின்று விலகத் தூண்டும் கடும் வெறுப்புணர்வு ஆகும். உளவியலாளர் பலர் இதனை அடிப்படை மனித உணர்ச்சிகளுள் ஒன்றாகக் கொள்கின்றனர்.

சொற்பயன்பாடு

இதன் வினைவடிவம் "அருவருத்தல்" ஆகும். இவ்வினை இரண்டாம் வேற்றுமை ஏற்ற பெயரைக் கொண்டு முடியும் (எ.கா: அழுகிய பழத்தை அருவருத்தான்). அருவருப்பான, அருவருக்கத்தக்க என்பன பெயரடைகளாக வழங்குகின்றன. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளில், சமய நெறியால் விலக்கப்பட்ட உணவுகளையும் செயல்களையும் குறிக்க இச்சொல் ஆளப்பட்டுள்ளது.

வெறுப்பும் அருவருப்பும்

இவ்விரு சொற்களும் சில வேளைகளில் ஒரே பொருளில் வழங்கினாலும் இவற்றிடையே வேறுபாடு உண்டு. ஒரு குழந்தை கசப்பு மருந்தை வெறுக்கும். ஈ விழுந்த பாலை அருவருக்கும். ஈயை எடுத்து எறிந்த பின்னரும் அப்பாலைக் குடிக்க மனம் வருவதில்லை. தொட்டதெல்லாம் கெட்டுவிடும் என்னும் இவ்வெண்ணமே அருவருப்பின் தனித்தன்மை ஆகும்.

இலக்கணத்தில்

தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் இளிவரல் இதற்கு நெருக்கமானது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கும் அதன் நிலைக்களன்களாகும். எனினும் இளிவரல் இழிவுணர்வையும் உள்ளடக்குவதால் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. வடமொழி நாட்டிய சாத்திரத்தில் இவ்வுணர்வு பீபத்சம் என்னும் சுவையாக அமைகிறது.

அறிவியல் நோக்கு

சார்லசு டார்வின் 1872-இல் வெளியிட்ட உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றிய நூலில் அருவருப்பை விளக்கியுள்ளார். மூக்குச் சுருங்குதல், மேலுதடு உயர்தல், குமட்டல் ஆகியன இதன் வெளிப்பாடுகள். அழுகிய உணவு, கழிவு போன்ற நோய் பரப்பும் பொருட்களிலிருந்து உடலைக் காக்கும் தன்மையாக இது கூர்ப்பில் தோன்றியிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

மனிதர் மீதான அருவருப்பு

காப்புணர்வாக உள்ள அருவருப்பு, மனிதர் மீது திருப்பப்படும்போது கொடுமைக்கு வழிவகுக்கிறது. 1940-இல் வெளியான நாட்சிப் பரப்புரைத் திரைப்படம் ஒன்று யூதர்களை எலிகளுடன் ஒப்பிட்டது. ருவாண்டாவில் 1994-இல் நிகழ்ந்த இனப்படுகொலையின்போது வானொலியில் துட்சி இனத்தவர் கரப்பான்பூச்சிகள் எனப்பட்டனர். பகைவருடன் உடன்பாடு காண இயலும்; ஆனால் பூச்சியாகக் காட்டப்பட்டவர் அழிக்கப்பட வேண்டியவராகவே கருதப்படுகிறார்.

தொட்டால் தீட்டு என்னும் கருத்தின் மேல் அமைந்த தீண்டாமையும் இத்தகையதே. இதில் தூய்மையின்மை பொருளில் அன்றி, பிறப்பில் ஏற்றப்படுகிறது. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து, அதனைக் கடைப்பிடிப்பதைத் தடை செய்துள்ளது.

இவற்றையும் பார்க்க

வெறுப்பு
மெய்ப்பாடு
தீண்டாமை