கோசுதார்: உடைமையாளரா, ஆள்பவரா? 1570ஆம் ஆண்டுக் கடிதமும் ரிச்சர்ட் பைப்ஸின் வாசிப்பும்

வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் பைப்ஸின் 'பழைய ஆட்சிக்கால ரஷ்யா' 1974இல் வெளிவந்தது. மாஸ்கோ அரசர்கள் தம்மைக் குறிக்க வழங்கிய 'கோசுதார்' என்னும் சொல்லை ஆங்கிலத்தில் 'சாவரின்' என்று பெயர்ப்பது தவறான எண்ணத்தைத் தரும் என்பது அந்நூலின் வாதங்களுள் ஒன்று. அச்சொல் வீட்டிலிருந்து அரண்மனைக்கு வந்தது; அடிமைகளுக்கு எசமான் எவனோ அவனே கோசுதார்; இலத்தீனில் 'தோமினுஸ்' என்பதே அதற்கு நெருங்கிய சொல் என்கிறார் பைப்ஸ். ஆகவே 'கோசுதார்ஸ்த்வோ' என்பதை அரசு என்று கொள்ளாமல் பண்ணை என்றே கொள்ளவேண்டும் என்பது அவர் முடிவு. மாக்ஸ் வெபரின் மரபுடைமை ஆட்சிக் கோட்பாடு இதற்கு அடித்தளம். ஆள்வதும் உடைமை கொள்வதும் மாஸ்கோவில் ஒன்றாகவே இருந்தன என்ற பைப்ஸின் பெரிய முடிவுக்கு இச்சொல்லாராய்ச்சி ஒரு தூண்.

சொல்லின் பிறப்பைப் பற்றி அவரோடு எனக்கு வழக்கில்லை. பிஸ்கோவ் நகரச் சட்டத்தொகுப்பில் குடியானவனுக்கு நிலம் விட்ட நிலக்கிழாரும் கோசுதார்தான். ஆனால் பிறந்த இடத்தின் பொருளையே ஒரு சொல் இறுதிவரை சுமந்தது என்பதற்குத் தனிச்சான்று வேண்டும். அச்சான்றைப் பைப்ஸ் தரவில்லை என்பதே என் மறுப்பு.

அவர் பக்கத்துக்கு மிக வலுவானது நவ்கோரத் நிகழ்ச்சி. 1477இல் அந்நகரத் தூதர் இருவர் மாஸ்கோவின் மூன்றாம் இவானை வழக்கப்படி 'கோஸ்போதின்' (பிரபு) என்று விளிக்காமல் 'கோசுதார்' என்று விளித்தனர். எத்தகைய கோசுதார்ஸ்த்வோவை விரும்புகிறீர்கள் என்று கேட்டு இவான் ஆளனுப்பினார். நகர மன்றமோ தாங்கள் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை என்று மறுத்தது. போர் மூண்டது, 1478 ஜனவரியில் நகரம் பணிந்தது. ஒரு விளிச்சொல்லுக்காக ஒரு நகரம் இவ்வளவு அஞ்சியது என்றால், அச்சொல்லில் எசமான் என்ற பொருள் உயிரோடு இருந்தது என்பதை மறுக்க முடியாது.

எனினும் பேச்சுவார்த்தையில் இவானே அச்சொல்லை விரித்துரைத்ததாக நாளாகமங்கள் சொல்வதைக் கவனிக்கவேண்டும். மன்றத்து மணி இருக்கக்கூடாது, நகரத் தலைவர் பதவி இருக்கக்கூடாது, கோசுதார்ஸ்த்வோ முழுவதும் தம்மிடமே இருக்கவேண்டும் என்கிறார். இவை ஆட்சியுரிமைகள். நகரப் பெருமக்களின் பரம்பரை நிலங்களில் கைவைப்பதில்லை என்பது தனி வாக்குறுதியாக வருகிறது. கோசுதார்ஸ்த்வோ என்றாலே நிலவுடைமை என்றிருந்தால் இந்த வாக்குறுதிக்கே பொருளில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அந்நிலங்களை அவர் பறித்துக்கொண்டார் என்பதும், நவ்கோரத்தைத் தம் தந்தைவழிச் சொத்து என்றே குறிப்பிட்டார் என்பதும் உண்மை. நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் வென்றவர் பக்கத்து நாளாகமங்கள் என்பதால், இந்த ஒன்றை மட்டும் வைத்து நான் வழக்கை முடிக்க மாட்டேன்.

என் வாதம் நிற்பது இன்னொரு தாளின்மேல். நான்காம் இவான் முதலாம் எலிசபெத்துக்கு 7079ஆம் உலகத்தோற்ற ஆண்டு அக்டோபர் 24, அதாவது 1570இல் எழுதிய கடிதம் அது. ஆபத்து வந்தால் ஒருவர் நாட்டில் மற்றவர் புகலிடம் பெறும் உடன்படிக்கையை இவான் கேட்டிருந்தார்; அரசி அவருக்கு மட்டும் புகலிடம் தர இசைந்து, தமக்கு அது வேண்டும் என்று சொல்ல மறுத்தார். அந்தச் சினத்தில் எழுந்தது இக்கடிதம். ரஷ்ய மூலத்தையும் அக்கால ஆங்கில மொழிபெயர்ப்பையும் யூரி தல்ஸ்தோய் 1875இல் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரே நூலில் அச்சிட்டார். இரண்டையும் வரிக்கு வரி வைத்துப் படிக்கவேண்டும்.

இவானின் குற்றச்சாட்டு இது: நீ உன் நாட்டில் கோசுதாரின்யா (கோசுதாரின் பெண்பால்) என்றும், நீயே ஆள்கிறாய் என்றும், உன் கோசுதார் மானத்தையும் நாட்டின் நலனையும் கருதுகிறாய் என்றும் நினைத்திருந்தோம், ஆனால் உன்னை மீறி வேறு ஆட்கள் ஆள்கிறார்கள், அதுவும் வணிகக் குடியானவர்கள், அவர்கள் நம் கோசுதார் மானத்தையும் நாட்டு நலனையும் பாராமல் தம் வணிக இலாபத்தைத் தேடுகிறார்கள். இங்கே ஒருபுறம் கோசுதாருக்குரிய மானமும் நாட்டு நலனும், மறுபுறம் தனியார் இலாபம். கோசுதார் பண்ணையாரே என்றால் இந்த எதிர்நிலை நிற்காது. பண்ணையாரும் தம் இலாபத்தைத் தேடுகிறவர்தானே.

'ஆள்' என்பதற்கு இவான் வழங்கும் வினை 'விலாதேத்'. உடைமை கொள், ஆள் என்னும் இரண்டு பொருளும் அதற்கு உண்டு. அக்கால மொழிபெயர்ப்பாளர் அரசிக்கும் வணிகர்க்கும் 'ரூல்' என்னும் சொல்லின் வடிவங்களையே இட்டார். அவர் அரசியின் மனம் நோகாதபடி கடுமையைத் தணித்தவர், அவர் சாட்சி செல்லாது என்று யாரேனும் கூறக்கூடும். ரஷ்ய மூலத்தில் அரசி வெறும் 'போஷ்லயா' கன்னியைப் போல இருக்கிறாள் என்று வருவது ஆங்கிலத்தில் கன்னியைப் போல என்று மட்டுமே நிற்கிறது, அடைமொழியைக் காணோம். ஆனால் பதினாறாம் நூற்றாண்டில் அது வழக்கமான, சாதாரணமான என்றே பொருள்பட்டது. இன்று அதற்கு 'வல்கர்' என்று எழுதுவோர் பிற்காலப் பொருளை முன்னே கொண்டுபோய் வைக்கிறார்கள். எந்தப் பெண்ணையும் போல என்ற கருத்து, அடைமொழி இல்லாமலே ஆங்கிலத்தில் வந்துவிடுகிறது. 'குடியானவர்' என்ற வசவையோ அவர் அப்படியே விட்டுவைத்தார். தணிக்க நினைத்தவர் முதலில் தொட்டிருக்கவேண்டிய சொல் அதுதான். எனவே அவரை நம்பலாம் என்பேன். ஒரேயொரு மொழிபெயர்ப்பின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றுவதை அறிந்தே ஏற்றுகிறேன்.

அதே கடிதத்தில் இன்னொரு குறை: அரசியிடமிருந்து வந்த மடல்களில் ஒன்றுக்கொன்று முத்திரை மாறியிருந்ததாம், அது கோசுதார் வழக்கமே அன்று என்கிறார் இவான். கோசுதார்கள் எல்லாருக்கும் பொதுவான நெறி ஒன்று உண்டு, அதிலிருந்து வழுவினால் குற்றம் சொல்லலாம் என்றால், அச்சொல் ஒரு பதவியையும் அதன் கடமையையும் குறிக்கிறது. தன் சொத்தை ஆள்கிற எசமானுக்கு யாரும் முத்திரை நெறி வகுப்பதில்லை.

இதே இவான்தான் 1565இல் நாட்டைப் பிளந்து ஒரு பகுதியைத் தமக்கென ஒப்ரீச்னினாவாக ஒதுக்கிக்கொண்டார். இது பைப்ஸுக்குத் துணை நிற்பதாகத் தோன்றும். தனக்கென ஒரு பகுதியைப் பிரிக்க நேர்ந்ததாலேயே மற்றது அவ்வாறு தனக்குரியதாக இருக்கவில்லை என்றும் வாதிடலாம். இரண்டும் இன்னும் எடைபோடவேண்டியவை. 'சமோதேர்ஷெட்ஸ்' என்ற பட்டம் முதலில் வெளியார் மேலாண்மைக்கு உட்படாத தன்னுரிமையையே குறித்தது என்று இசபெல் த மதரியாகா காட்டியிருப்பது என் வழிக்கு அரண். ஆனால் கோசுதாரின் பொருள் எந்த ஆண்டில் திரும்பியது என்று வரையறுக்க 1477க்கும் 1570க்கும் நடுவே கோடு இழுக்க என்னால் இயலவில்லை. ஒரே ஆண்டில் இரு பொருளும் இருவேறு வாய்களில் வழங்கியிருக்கலாம்.

பைப்ஸின் 'தோமினுஸ்' பிஸ்கோவ் சட்டத்துக்குப் பொருந்தும்; 1477இல் நவ்கோரத்தின் அச்சத்துக்கும் பொருந்தும். லண்டனுக்கு வந்த 1570ஆம் ஆண்டுக் கடிதத்துக்குப் பொருந்தாது. இவ்வாவணங்களைப் பெயர்ப்போர் ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டாமல், ஒவ்வொரு தாளிலும் பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.