கணுக்கால் எலும்புக்கு ஓர் எண்

நோய்களை வகுத்து, வகைக்கு ஓர் எண் இட்டு, தேச பேதமின்றி வைத்தியசாலைகள் ஒரே மூலப் புஸ்தகத்தைத் தழுவிப் பதிவு செய்கின்ற ஏற்பாடு இன்று உலகெங்கும் வழங்குகிறதாயினும், அதன் பூர்வ சரித்திரத்தைத் தேடிச் செல்பவர் முதலில் போய் நிற்கும் இடம் இடுகாடே. பதினேழாம் நூற்றாண்டின் லண்டன் மாநகரில், கொள்ளைநோய் தலையெடுக்கிறதா என்று அறியும் பொருட்டு, வாரந்தோறும் மரணப் பட்டியல்கள் அச்சாகி வந்தன. பிணம் கிடக்கும் வீட்டுக்குச் சென்று, பார்த்தும் விசாரித்தும், மரணத்தின் காரணத்தைச் சொல்வதற்கென்று நியமிக்கப்பட்ட முதிய ஸ்திரீகள் வைத்தியம் பயின்றவர்கள் அல்லர்; எனினும் அவர்கள் சொன்ன சொல்லே பட்டியலில் ஏறிற்று. அந்தப் பட்டியல்களை ஆராய்ந்து 1662-இல் நூல் வெளியிட்ட ஜான் கிரான்ட் என்ற வணிகர், உயிருடன் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 36 ஆறு வயது நிரம்புமுன் மாண்டுபோவதாகக் கணித்தார். பிற்கால ஆராய்ச்சிகள் அக்கணக்கு பெரிதும் பிழைபட்டதன்று என்றே காட்டின.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸில் ஸோவாஜும் ஸ்காட்லாந்தில் கல்லனும் நோய்களைக் குலம் குலமாக வகுத்தார்கள். அவ்வகுப்புக்களால் புள்ளிவிவரத்துக்கு உண்டாகும் குறைகளை நன்குணர்ந்து, வேறு வழி கண்டவர் இங்கிலாந்தின் ஜனன மரணப் பதிவு அலுவலகத்தில் பணியாற்றிய வில்லியம் ஃபார். ஒரே நோய் பல பெயர்களாலும், ஒரே பெயர் பல நோய்களுக்கும் வழங்கிய காலத்தில், தொற்றிப் பரவுவன, உடல் முழுவதையும் பற்றுவன, இன்ன உறுப்பில் தோன்றுவன, வளர்ச்சியில் நேர்வன, காயத்தால் விளைவன என்று அவர் ஐந்து பெரும் பிரிவுகள் செய்தார். 1853-இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய புள்ளிவிவர மகாசபை, பொதுப் பட்டியல் ஒன்றை ஆக்கித் தருமாறு அவரையும் ஜினீவாவின் மார்க் தெஸ்பீனையும் வேண்ட, இருவரும் வெவ்வேறு தத்துவத்தில் இரு பட்டியல்கள் கொண்டுவர, 1855-இல் பாரிஸில் 139 தலைப்புக்களோடு ஒரு சமரசம் நிறைவேறிற்று. 1893-இல் சிகாகோவில் பாரிஸ் நகரத்துப் புள்ளிவிவரத் தலைவர் ஜாக் பெர்த்தியோன் முன்வைத்த பட்டியலே பின்னர்ப் பல தேசங்களிலும் நிலைபெற்றது. 1900-இல் 26 தேசத்தார் பாரிஸில் கூடி அதைத் திருத்தினர். பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்த வேண்டுமென்ற வழக்கமும் அப்போது வேரூன்றிற்று.

ஆனால் இவை அனைத்தும் மரணத்தின் பட்டியல்கள். மனிதனைக் கொல்லாமல், ஆயுள் முழுதும் நொண்டியாக்கி விடுகின்ற வியாதிக்கு அவற்றில் ஸ்தானம் ஏது? 1860-இல் லண்டனில் கூடிய புள்ளிவிவர மகாசபையிலேயே, வைத்தியசாலைகளில் கிடக்கும் நோயாளிகளையும் ஒரே முறையில் கணக்கெடுக்க வேண்டுமென்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் மன்றாடினார். 1900-இல் நோயுற்றோருக்கென்று ஓர் இணைப்பட்டியல் செய்தார்களாயினும், மரணப் பட்டியலின் சில தலைப்புக்களை உடைத்ததற்கு மேல் அம்முயற்சி செல்லவில்லை. அந்த அம்மையாரின் குரலுக்கு அப்போதே செவிசாய்த்திருந்தால், எண்ணிக்கையில் வராமலே மறைந்த எத்தனையோ அங்கஹீனங்களை நாம் இன்று அறிந்திருப்போம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அவ்வாறு மறைந்தவற்றுள் ஒன்று தாலஸ் என்னும் கணுக்கால் எலும்பின் சாவு. முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவே நின்று, உடலின் பாரத்தைப் பாதத்துக்கு இறக்கும் இச்சிறிய எலும்பில் தசை ஒன்றேனும் பற்றுவதில்லை. மேற்பரப்பில் நூற்றுக்கு 60 பங்கு மூட்டுக் குருத்தெலும்பால் மூடப்பட்டிருக்கிறது. ஆகவே, ரத்தக்குழாய்கள் நுழைவதற்கு எஞ்சிய இடம் மிகக் குறுகியது. எலும்பின் உடற்பகுதிக்குச் செல்லும் ரத்தத்தில் பெரும்பங்கு முன்பக்கத்துக் கழுத்துப் பகுதியின் வழியே பின்னோக்கிப் பாய்கிறது. கழுத்து முறிந்தால், கொழுகொம்பிழந்த கொடிபோல் உடற்பகுதி ஊட்டமற்று வாடத் தொடங்குகிறது. முதல் உலக யுத்தத்தில், விபத்துக்குள்ளான ஆகாய விமானிகளின் கால்களை ஆராய்ந்த கிரேம் ஆண்டர்சன் என்ற வைத்தியர், சுக்கான் தண்டின்மேல் ஊன்றிய பாதம் மோதலின் வேகத்தில் மேல்நோக்கி மடங்க, இவ்வெலும்பு முறிந்த 18 பேரின் விவரத்தை 1919-இல் வெளியிட்டு, அதற்கு விமானிகளின் பெயரையே சூட்டினார்.

1970-இல் ஹாக்கின்ஸ் என்ற அமெரிக்க எலும்பு வைத்தியர் இம்முறிவுகளை மூன்றாக வகுத்து ஆராய்ந்தபோது, எலும்பு விலகாத முதல் வகையில் ஒருவருக்கும் எலும்புச் சாவு நேரவில்லை. ஒரு மூட்டு விலகிய இரண்டாம் வகையில் நூற்றுக்கு 42 பேருக்கும், இரு மூட்டுகளும் விலகிய மூன்றாம் வகையில் 91 பேருக்கும் அது நேர்ந்திருந்தது. முறிவு நேர்ந்த ஆறு முதல் எட்டு வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் எலும்பின் மேல்விளிம்புக்கு அடியில் மெல்லிய கருங்கோடு தோன்றினால், அங்கே ரத்தம் பாய்ந்து எலும்பு கரைகிறது, அதாவது உயிரோடிருக்கிறது, என்றும் அவர் காட்டினார். இறந்த எலும்போ கரைய வழியின்றி, சுற்றிலுமுள்ள எலும்புகள் மங்கும்போது தான் மட்டும் வெண்மையாகத் தெரியும். முறிவின்றியே, நீண்ட காலம் உட்கொண்ட ஸ்டீராய்டு மருந்தாலும், காரணமே புலப்படாமலும் இவ்வியாதி வருவதுண்டு.

இத்தகைய நோய்களுக்கு வாசல் திறந்தது 1948-ஆம் ஆண்டு. அவ்வாண்டு பாரிஸில் தயாராகி, புதிதாக அமைந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் பொறுப்பில் வந்த, பெர்த்தியோன் பட்டியலின் ஆறாவது திருத்தம், மரணத்தோடு நோயையும் காயத்தையும் ஒரே நூலில் அடக்கிற்று. உறுப்பு வாரியாக வகுக்கும் ஃபாரின் முறை இங்கே எலும்புகளுக்குப் பேருதவி ஆயிற்று. ஒன்பதாவது திருத்தத்தை விரித்து 1979 முதல் அமெரிக்கர் வழங்கிய நூலில், தாலஸ் எலும்பின் சாவுக்கு 733.44 என்ற தனி எண் கிடைத்தது. வலது காலுக்கும் இடது காலுக்கும் அவ்வொன்றே எண்.

1990-இல் ஏற்கப்பட்ட பத்தாவது திருத்தத்தில் எலும்புச் சாவு பெரும்பாலும் எம் 87 என்ற தலைப்பில் அடங்கியது; ஆனால் சர்வதேச நூல் கணுக்காலையும் பாதத்தையும் 7 என்ற ஒரே இட எண்ணில் சேர்த்துவிட்டது. அதை விரித்து 2015 அக்டோபர் முதல் தேதி அமெரிக்கர் நடைமுறைக்குக் கொண்டுவந்த நூலில்தான், காரணம் புலப்படாத கணுக்கால் எலும்புச் சாவு வலப்புறமாயின் எம் 87.071 என்றும், இடப்புறமாயின் எம் 87.072 என்றும் பிரிந்தது. மருந்தால் வந்தது எம் 87.17 என்ற வரிசையிலும், முந்தைய காயத்தால் வந்தது எம் 87.27 என்ற வரிசையிலும் சென்றன. ஏறத்தாழ 14,000 ஆக இருந்த நோய் எண்கள் 68,000 அளவுக்குப் பெருகியதைக் கண்டு மலைத்தவர் பலர். எனினும், ஸ்டீராய்டினால் எலும்பு செத்தவரையும் விபத்தில் கால் முறிந்தவரையும் ஒரே எண்ணில் புதைத்துவிட்டு, அம்மருந்தின் தீங்கை எவ்வாறு அளப்பது? பெருக்கம் தேவையானதென்றே நான் கொள்கிறேன்.

அவ்வரிசையில் எம் 87.073 என்று ஓர் எண்ணும் உண்டு. எந்தக் கணுக்கால் என்று குறிக்கப்படாத இடத்தில் இடவேண்டியது அது. நோயாளியின் ஏட்டைப் படித்து எண் இடுபவர், வைத்தியர் எழுதாததைத் தாமாக ஊகித்தல் கூடாது. எக்ஸ்ரே படம் எதிரே இருந்தாலும் அதைப் பார்த்து நோயை நிர்ணயிக்கும் அதிகாரம் அவருக்கில்லை. ஆகையால் ஏட்டில் கால் எதுவென்று காணாதபோது, அவர் அந்த மூன்றாம் எண்ணுக்குக் கை நீட்டுவதற்கு முன், ஏட்டை வைத்தியரிடம் திருப்பி அனுப்பி, வலமா இடமா, முறிவுக்குப் பின் வந்ததா, மருந்தால் வந்ததா என்று எழுத்து மூலம் கேட்பதே முறை.