வருஷத்துக்கு ஒரு குடம்

போன டிசம்பரில் எங்கள் டீமிலிருந்து 11 பேர் ஒகேனக்கல் போனோம். பெங்களூரிலிருந்து ஒரு டெம்போ டிராவலர். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகக் காட்டுப்பாதை. இடத்தைத் தேர்ந்தெடுத்தது நானில்லை. எக்செல் ஷீட் போட்டு ஓட்டெடுப்பு நடத்தினார்கள். நேச்சர், ஹெரிட்டேஜ், ஃபுட் என்று மூன்று காலம், ஒவ்வொன்றுக்கும் 5 மார்க். கூர்க்கும் சிக்மகளூரும் பட்ஜெட்டில் அடிபட்டுப்போக, ஒகேனக்கல் ஜெயித்தது. நேச்சருக்கு 5, ஃபுட்டுக்கு 4, ஹெரிட்டேஜுக்கு 2. அந்த 2 மார்க்கைப் போட்டவன் யாரென்று தெரியாது. ஆனால் வண்டி மலைவளைவுகளில் இறங்கும்போதெல்லாம் எனக்கு அந்த 2 உறுத்திக்கொண்டே இருந்தது. நான் அந்த மாவட்டத்துக்காரன். என் ஆயாவின் ஊர் (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்) பென்னாகரத்துக்குப் பக்கத்தில். அருவியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

பல்லைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் ரொம்ப அக்கறையாகத் தோளில் கைபோட்டு, “பாக்கை விட்டுடு, இன்னும் வயசிருக்கு” என்றார். நான் வாழ்நாளில் பாக்கு போட்டதில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் பல் அப்படித்தான் இருந்தது. அதனால் அது ஒரு குறை என்பதே வெளியூருக்குப் படிக்கப் போகும்வரை எனக்குத் தெரியாது.

ஒகேனக்கல் என்பது கன்னடப் பெயர். ஹொகெ என்றால் புகை. கல் இரண்டு மொழியிலும் கல்தான். தண்ணீர் பாறையில் விழுந்து தெறிக்கும் சாரல் தூரத்திலிருந்து பார்க்கப் புகை மாதிரி எழும்புவதால் அந்தப் பெயர். அந்தப் பாறைகளின் மேல்தான் எல்லாரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எண்ணெய் மசாஜுக்குப் படுக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் கார்பனடைட் என்ற அரிய வகைப் பாறை ஊடுருவிக் கிடக்கிறது. பூமிக்கடியில் உருகிய நிலையில் மேலே வந்து உறைந்த, கால்சைட் போன்ற கார்பனேட் தாதுக்கள் மிகுந்த பாறை. வயது ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். டைனோசர்கள் அழிந்தே 6.6 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. ஹெரிட்டேஜுக்கு 2 மார்க்!

பரிசலில் ஏறினோம். மூங்கில் பிளாச்சில் பின்னிய வட்டக் கூடை. முன்பு அடியில் தோல் கட்டுவார்கள், இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்ராவில் ஆட்களை அக்கரை சேர்த்த படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார்: கூடை மாதிரி வட்டமானவை, உள்ளே பிரம்பு, வெளியே தோல், நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே போகும். 500 வருஷத்தில் மாறியது அந்தத் தோல் மட்டும்தான். எங்கள் பரிசல்காரரும் ஒரு இடத்தில் துடுப்பை ஒரு பக்கமாகவே போட்டுப் பம்பரம் மாதிரிச் சுற்றிக் காட்டினார். எங்கள் டெஸ்டிங் லீட் வீடியோ எடுப்பதை நிறுத்திவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறைச்சுவர். பரிசல்காரர் துடுப்பால் எதிர்ப்பக்கத்தைக் காட்டி, “அது கர்நாடகா சார், இது நம்மளுது” என்றார். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். எல்லை என்றால் ஏதோ ஆதியிலிருந்தே இருப்பது போல ஒரு நினைப்பு நமக்கு. இந்த ஆற்றின் எல்லைக்கதை வேறு மாதிரியானது.

மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு சுல்தான், 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கிழக்குக் கரை கம்பெனிக்கு, மேற்குக் கரை திப்புவுக்கு. கம்பெனி சார்பில் நிர்வாகத்துக்கு வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக வந்த இளைஞர்தான் பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ. 1799 வரை தர்மபுரிப் பக்கம்தான் அவருக்கு வேலை. ஜமீன்தார் இடையில் இல்லாமல் உழவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கே நிலம் அளந்த அனுபவத்திலிருந்துதான் வளர்ந்தது. 1799-இல் திப்பு வீழ்ந்ததும் மேற்குக் கரையும் கம்பெனிக்குப் போனது. கொள்ளேகால் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆக, 7 வருஷம் இந்த ஆறு இரண்டு அரசுகளுக்கு நடுவே எல்லை. அதற்கப்புறம் 157 வருஷம் வெறும் மாவட்ட எல்லை. இந்தப் பக்கம் சேலம், அந்தப் பக்கம் கோயம்புத்தூர். 1956 நவம்பர் 1-இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது கொள்ளேகால் மைசூருக்குப் போனது. மறுபடியும் ஆறு எல்லையானது. மொழி மட்டும் அந்தக் கோட்டில் நிற்கவில்லை. அந்தப் பக்கம் இருக்கும் கோபிநத்தம் தமிழ் பேசும் ஊர். வீரப்பன் பிறந்த ஊர் என்பதால் பெயர் எல்லாருக்கும் தெரியும், தமிழ் பேசும் ஊர் என்பது பலருக்குத் தெரியாது. இந்தப் பக்கம் அருவிக்கே கன்னடப் பெயர்.

எல்லையைவிட எனக்கு எப்போதும் புரியாமல் இருந்த விஷயம் இன்னொன்று. ஆறு எங்கள் மாவட்டத்தின் விளிம்பில் ஓடுகிறது. சின்ன வயதில் ஏன் எங்கள் வீட்டுக்கு அது வரவில்லை?

பதில் நிலத்திலேயே இருக்கிறது. பரிசலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் போதும். காவிரி இங்கே ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது. பென்னாகரமும் தர்மபுரியும் மேட்டுநிலம். தஞ்சாவூரில் கால்வாய் வெட்டினால் தண்ணீர் தானாகப் போகும். இங்கே மோட்டார் வைத்து மலையேற்ற வேண்டும். 1925-இல் தொடங்கி 1934-இல் மேட்டூர் அணையைக் கட்டி முடித்தார்கள். தேக்கினால் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. பல ஊர்கள் முழுகின. வறட்சியில் நீர் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் கிறிஸ்துவக் கோயிலின் கோபுரமும் வெளியே தெரியும், பேப்பரில் படம் வரும். அணை நிரம்பிய தண்ணீர் கீழே டெல்டாவுக்குப் போயிற்று. அது நியாயம்தான், அந்த வயல்கள் அதை நம்பி இருந்தவை. மேட்டிலிருந்த எங்களுக்குக் கிணறு. கிணறு வற்றியதும் போர்.

கதை கெட்டது அங்கேதான். இந்தப் பகுதியின் கடினப்பாறைகளில் ஃப்ளோரைடு கலந்த தாதுக்கள் உண்டு. பாறை வெடிப்புகளில் வெகுகாலம் தங்கிய தண்ணீரில் அது கரைந்து சேரும். 1970-களுக்குப் பிறகு நாடு முழுக்க ஊருக்கு ஊர் அடிபம்பு வந்தது. குளத்துத் தண்ணீரில் வரும் காலராவிலிருந்து அது காப்பாற்றியது உண்மை. கூடவே, பாறைக்குள்ளிருந்த தண்ணீரை நேராக வாய்க்குக் கொண்டுவந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்தால் குடிக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டிய கிணறுகள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். பல் முளைக்கும் முன்னாலேயே, ஈறுக்குள் எனாமல் உருவாகும்போதே கறை படிந்துவிடும். தேய்த்தாலும் போகாது. நான் எத்தனை பேஸ்ட் மாற்றியிருப்பேன் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பில் சேர்ந்து முதுகும் கழுத்தும் இறுகும்.

யாருக்கும் தெரியாத நோயும் இல்லை இது. அமெரிக்காவில் கொலராடோவில் 1901-இல் தொழில் தொடங்கிய ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அந்த ஊர்க்காரர்களின் பழுப்புப் பல்லைப் பார்த்து அதன் பின்னாலேயே முப்பது வருஷம் அலைந்தார். தண்ணீரிலிருக்கும் ஃப்ளோரைடுதான் காரணம் என்பது 1931-இல் தெரிந்தது. அடுத்த ஆறு வருஷத்தில், 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் எலும்பு இறுகிப்போன மனிதர்களைப் பற்றி மருத்துவ ஆய்வு வெளிவந்துவிட்டது. நான் பிறந்தது 1989-இல். அதற்குள் 52 வருஷம் ஓடியிருந்தது.

ஆயா குனிந்து கோலம் போட்டு நான் பார்த்ததில்லை. கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்போடு திரும்புவாள். “வாதம்” என்பாள். ஃப்ளோரைடு என்று யாரும் அவளைச் சோதித்துப் பார்க்கவில்லை, அதனால் நானும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆடி 18-க்கு மட்டும் ஊரே டிராக்டர் கட்டிக்கொண்டு ஒகேனக்கல்லுக்கு வரும். ஆயாவை நாலு பேர் பிடித்துத் தண்ணீரில் உட்கார வைப்பார்கள். கிளம்பும்போது ஒரு பித்தளைக் குடத்தில் காவிரியை மொண்டு, வாயில் துணி கட்டி, மடியில் வைத்துக்கொண்டே வீடு வரைக்கும் வருவாள். அதைக் குடிக்க விடமாட்டாள். சாமி மாடத்துக்கு. கேட்டால், “காவேரிடா அது, குடிக்கிறதுக்குத்தான் பம்பு இருக்குதில்ல” என்பாள்.

அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர்தான் இன்றைய தர்மபுரி என்று பள்ளியில் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நீண்ட ஆயுளுக்கு ஊரில் கனி இருந்தது. தண்ணீர்தான் இல்லை.

ஒகேனக்கல்லிலிருந்து தண்ணீர் எடுத்துத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குடிக்கக் கொடுக்கும் திட்டத்துக்கு 1998-லேயே மத்திய அரசின் இசைவு கிடைத்திருந்தது. கேட்டது வருஷத்துக்கு 1.4 டிஎம்சி. உச்ச நீதிமன்றம் 2018 தீர்ப்பில் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டும் என்று சொன்னது 177.25 டிஎம்சி. அதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது இந்தக் குடிதண்ணீர். பத்து வருஷம் கழித்து, 2008 பிப்ரவரி 26-இல் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கடன் தந்தது. மதிப்பீடு ரூ. 1,928.80 கோடி. அப்போது கர்நாடகத்தில் தேர்தல் நேரம். எடியூரப்பா ஒகேனக்கல்லுக்கே வந்து போராட்டம் நடத்தினார். பஸ்கள் நின்றன. பெங்களூரில் தமிழ்ப் படம் ஓடிய தியேட்டர்கள் தாக்கப்பட்டன. சென்னையில் திரையுலகத்தினர் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் கருணாநிதி, கர்நாடகத்தில் புதிய அரசு அமையும்வரை திட்டத்தைத் தள்ளிவைத்தார்.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஹாஸ்டல் டிவி ரூமில் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது மாயவரத்துப் பையன் ஒருவன் உண்மையிலேயே புரியாமல் கேட்டான்: “உங்க ஊர்லதானடா காவிரி கொட்டுது? அப்புறம் உங்களுக்கு எதுக்குடா குடிதண்ணித் திட்டம்?” அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஒகேனக்கல்லை சினிமாப் பாட்டில் பார்த்த யாரும் அப்படித்தான் கேட்பார்கள். நான் பல்லைக் காட்டினேன். அவன் கிண்டல் என்று நினைத்தான்.

2013 மே 29-இல் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆயா அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே போய்விட்டாள்.

பரிசலை விட்டு இறங்கினதும் எல்லாருக்கும் பசி. மீன் கடையில் நாமே மீன் வாங்கி, சமைக்கும் அக்காக்களிடம் கொடுத்துவிடலாம் என்பது இங்கே ஒரு வசதி. மசாலா, அரிசி, எண்ணெய் எல்லாம் அவர்கள் சொல்லுவார்கள், வாங்கிக் கொடுக்க வேண்டும். ஷீட்டில் ‘பாரம்பரியக் காவிரி மீன்’ என்று எழுதியிருந்தார்கள். கடையில் இருந்தது கட்லா, ரோகு, ஜிலேபி. கட்லாவும் ரோகுவும் வடக்கே கங்கைப் பக்கத்து மீன்கள். மேட்டூர் அணை வந்த காலத்தில் காவிரியில் கொண்டுவந்து விட்டவை. ஜிலேபி என்கிற திலாப்பியா ஆப்பிரிக்க மீன். 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. அதன்மேல் தடவும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. காவிரிக்கே சொந்தமான, முதுகு திமிலாக உயர்ந்த பெரிய மஹசீர் 2018-இல்தான் உலக அளவில் ‘அழிவின் விளிம்பில்’ பட்டியலுக்குப் போயிற்று. அதைக் கடையில் கேட்கவும் கூடாது. ஜிலேபி ருசியாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய். ஓரம் முறுகி, உள்ளே வெள்ளையாக, எலுமிச்சைகூடத் தேவைப்படவில்லை. நான் களி கேட்டேன். டீமில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை.

கேட்டதும் அக்கா அடுப்பிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். முகத்தையல்ல, வாயை.

“நம்ம பக்கந்தானா தம்பி? எந்த ஊரு?”

ஆயாவின் ஊரைச் சொன்னேன். சிரித்தார். அவருக்கும் அதே கோடுகள், என்னுடையதைவிடக் கருப்பாக. “அதான பார்த்தேன், பெங்களூர்க்காரங்க களி கேக்கமாட்டாங்களேன்னு.”

“இப்ப எந்தத் தண்ணிக்கா குடிக்கிறீங்க?”

“குழாயில காவேரி வருது. குடிக்க அது. சோறாக்க, மத்ததுக்கெல்லாம் போர்தான். எல்லாத்துக்கும் காவேரியவே எடுத்தா கட்டுமா?”

சோறாக்கும் தண்ணீரும் வயிற்றுக்குள்தானே போகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். மீன் வாங்கித் தின்ன வந்தவன் அந்த அடுப்புக்கு முன்னால் நின்று சொல்லும் பேச்சில்லை அது. ஆனாலும் சொன்னேன். பிள்ளைகளுக்காவது சோற்றுக்கும் அதையே எடுங்கள் என்றேன். அக்கா, “அப்பிடியா” என்று கேட்டுக்கொண்டே மீனைத் திருப்பிப் போட்டார். பக்கத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டு, “டேய், பல்ல காட்றா அண்ணனுக்கு” என்றார். பத்துப் பதினோரு வயசிருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு காட்டினான். மேலே இரண்டு பல்லில் சாக்பீஸ் கோடு மாதிரி லேசாக வெள்ளை. பழுப்பு இல்லை.

“எப்பிடி இருக்குது?” என்றார் அக்கா.

“நல்லாருக்குதுக்கா” என்றேன். அதற்குள் பின்னாலிருந்து டெஸ்டிங் லீட், இன்னும் ஒரு கிலோ ஜிலேபி சொல்லவா என்று கத்தினார்.