கிராஃபோர்ட் மார்க்கெட்டும் வரி கட்டினவங்களும்

ஒவ்வொரு வருஷமும் சொத்து வரி பில் வந்ததும் எங்க சொசைட்டி மீட்டிங்கில் ஒரு கேள்வி வந்துவிடும். இந்தத் தடவை கேட்டவர் மூணாவது மாடி திருநெல்வேலி அண்ணாச்சி. "இவ்வளவு கட்டுதோமே தம்பி, ரோட்டுக்கு எவ்வளவு போகுது, அதை யாரு சரி பாக்கா? நீங்க பேங்க்ல இருக்கீகளே, சொல்லுங்க." பேங்கில் இருப்பவனுக்கு ஊர்க்கணக்கு முழுக்கத் தெரியும் என்று நம்புகிறவர்களில் அவரும் ஒருத்தர் :-)

அன்றைக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஆனால் இதே கேள்வியை இதே ஊரில் 1871-லேயே கேட்டுப் பெரிய ரகளை பண்ணியிருக்கிறார்கள். அண்ணாச்சிக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

கதை பருத்தியில் ஆரம்பிக்கிறது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து இங்கிலாந்து மில்களுக்குப் பஞ்சு போவது நின்றது, பம்பாய்ப் பஞ்சுக்கு யோகம் அடித்தது. பணம் கொட்டியதில் ஆளாளுக்குக் கம்பெனி ஆரம்பித்தார்கள், ஷேர் விலை எகிறியது. 1865-ல் போர் முடிந்ததும் எல்லாம் சரிந்தது. ஷேரை அடகு வைத்துக்கொண்டு கடனை வாரி விட்ட பாங்க் ஆஃப் பாம்பே 1868-ல் மூடப்பட்டது. (அடமானத்தின் மதிப்பை மட்டும் பார்த்துக் கடன் கொடுக்காதே என்று எங்கள் ட்ரெய்னிங்கில் தலையில் அடித்துச் சொல்வார்கள். யாரோ பட்டுத் தெரிந்துகொண்டது!)

சரிவு நடந்த அதே 1865-ல் பம்பாய் நகராட்சிக்குப் புதுச் சட்டம் வந்தது. முழு நிர்வாகமும் ஒரே ஆள் கையில், முனிசிபல் கமிஷனர். முதல் கமிஷனர் ஆர்தர் கிராஃபோர்ட். பட்ஜெட்டை ஒப்புக்கொள்ளவேண்டியது 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' என்கிற பெரிய மனிதர்கள் குழு. அவர்களையும் அரசாங்கமே நியமித்தது. வரி கட்டுகிறவனுக்கு எங்கேயும் ஓட்டு கிடையாது.

கிராஃபோர்ட் சும்மா இருந்த ஆள் இல்லை, அதைச் சொல்லியே ஆகணும். சாக்கடை, குப்பை என்று இறங்கி வேலை பார்த்தார், தெருக்களை அகலப்படுத்தினார், 1869-ல் அந்தப் பிரமாதமான மார்க்கெட்டைக் கட்டினார். இப்போது மகாத்மா ஜோதிபா பூலே மண்டி என்று பெயர் மாறிவிட்டாலும் டாக்ஸிக்காரரிடம் கிராஃபோர்ட் மார்க்கெட் என்றால்தான் சட்டென்று வண்டி கிளம்பும். ஆனால் செலவு கட்டுக்கு மீறிப் போனது. ஷேரில் கையைச் சுட்டுக்கொண்ட ஊரில் வரியை ஏற்றினால் என்ன ஆகும்? வரி கட்டுவோர் திரண்டார்கள். 1871-ல் டவுன் ஹாலில் ஜஸ்டிஸ்கள் கூட்டம் போட, ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற வணிகர் கமிஷனர் முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். அந்த வருஷமே கிராஃபோர்ட் பதவியை விட்டுப் போனார்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார். பிரோஸ்ஷா மேத்தா. லண்டனில் பாரிஸ்டர் படித்துத் திரும்பி மூணே வருஷம் ஆன இளைஞர். 1871 நவம்பரில் ஃப்ராம்ஜி காவஸ்ஜி இன்ஸ்டிட்யூட்டில் ஒரு கட்டுரை படித்தார். ஊரே ஒரு பக்கம் நிற்க, இவர் மறுபக்கம். செலவு செய்தவரை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம், கணக்கைப் பார்க்கவேண்டிய ஜஸ்டிஸ்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அவர் வாதம். வேலை செய்ய ஒரு பலமான கமிஷனர் இருக்கட்டும், அவரைக் கேள்வி கேட்க வரி கட்டுகிறவர்களே தேர்ந்தெடுத்த சபை இருக்கட்டும் என்றார். அன்றைக்குக் கைதட்டல் கிடைக்கவில்லை, வசவுதான்.

வங்கிக்காரர்களுக்கு இது உடனே புரியும். ஒருத்தர் என்ட்ரி போட, இன்னொருத்தர் பாஸ் பண்ணணும். மேக்கர், செக்கர். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் அவர் எவ்வளவு நல்லவர் என்பது கணக்கிலேயே வராது.

1872 சட்டம் ஏறக்குறைய அந்த வழிக்கு வந்தது. 64 உறுப்பினர்கள். 32 பேரை வரி கட்டுவோரும் 16 பேரை ஜஸ்டிஸ்களும் தேர்ந்தெடுக்க, மீதி 16 பேர் அரசாங்க நியமனம். பணவிஷயத்தைப் பார்க்கப் 12 பேர் கொண்ட டவுன் கவுன்சில். 1888 சட்டத்தில் அதன் இடத்துக்கு ஸ்டாண்டிங் கமிட்டி வந்தது. அந்தச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் மும்பையில் அமலில் இருக்கிறது.

ஆனால் யாருக்கு ஓட்டு? 1872-ல் வருஷத்துக்கு 50 ரூபாய் வரி கட்டினால்தான். அன்றைக்கு அது பெரிய தொகை. வீட்டுக்காரனுக்கு ஓட்டு, குடித்தனக்காரனுக்கு இல்லை. வரி வாடகைக்குள்ளே ஒளிந்திருக்கும், ரசீது மட்டும் வேறொருத்தர் பேரில். தாராவித் தோல் ஷாப்புகளுக்கு வந்த திருநெல்வேலிக்காரர்களையும் மாதுங்காவில் வாடகைக்கு இருந்த நம்ம குமாஸ்தாக்களையும் நினைத்துப் பாருங்கள். 1922-ல்தான் மாதம் 10 ரூபாய் வாடகை கொடுப்பவருக்கு ஓட்டு வந்தது. வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று முதல் தேர்தல் நடந்தது 1948-ல். நம்மில் பலரின் தாத்தாக்கள் இந்த ஊர் ரோட்டில் நடந்து முடித்த பிறகு!

பழைய கதை என்று விட்டுவிடவும் முடியவில்லை. 2022 மார்ச்சில் கவுன்சிலர்கள் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2026 ஜனவரியில்தான். நடுவில் கிட்டத்தட்ட நாலு வருஷம் கமிஷனரே நிர்வாகி, ஸ்டாண்டிங் கமிட்டி பார்க்கவேண்டிய செலவையும் அவரே பாஸ் பண்ணினார். சுமார் 6,000 கோடி ரூபாயில் 400 கிலோமீட்டர் சிமென்ட் ரோடு போடும் திட்டம் ஆரம்பித்ததும் அந்தக் காலத்தில்தான். ரோடு நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. மேக்கரும் செக்கரும் மறுபடி ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், அதைத்தான் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அண்ணாச்சி, "அது சரி தம்பி, இப்போ நம்ம வார்டுக்கு கவுன்சிலர் யாரு?" என்றார்.

எனக்குப் பெயர் வரவில்லை. ஜனவரியில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவன்தான் நானும்.